பழைய கேம், இன்றைய கணினி: எமுலேட்டர் சந்தேகங்களும் பதில்களும்

எமுலேட்டரில் ஏதாவது மக்கர் செய்தால் என்னைக் கேட்பது தெரிந்தவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்கும் ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் இருப்பவை சுலபம், போகப்போகச் சிக்கல். சொன்னதையே திரும்பச் சொல்லாமல் எண்ணைக் குறித்திருக்கிறேன், பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணங்களில் ரெட்ரோஆர்க் என்ற நிரல் அடிக்கடி வரும். என்னைக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

1. எமுலேட்டர் இறக்கிப் போட்டாச்சு. திறந்தா வெறும் மெனுதான் வருது. கேம் எங்கே?

எமுலேட்டரோடு கேம் வராது. பழைய கன்சோலின் சிப்புகள் செய்த வேலையை உங்கள் கணினியில் செய்து காட்டும் நிரல்தான் எமுலேட்டர். கன்சோலில் சொருகும் கேட்ரிட்ஜுக்குள் இருந்த சிப்பை அப்படியே படியெடுத்த கோப்பு ரோம். முன்னது டேப் ரெக்கார்டர் என்றால் பின்னது கேசட்.

ரெட்ரோஆர்க்கில் இன்னொரு படி கூடுதல். அது தானே எமுலேட்டர் கிடையாது. எமுலேட்டர்களைக் ‘கோர்’ என்ற பெயரில் உள்ளே மாட்டிக்கொள்ளும் ஓர் உறை. சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்நெஸ்9எக்ஸ், கேம்பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ, மெகா டிரைவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் என்று கன்சோலுக்கு ஒரு கோர் இறக்கிய பிறகுதான் ரோமைத் திறக்க முடியும். எந்தக் கோர் நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்பத்துக்கு இந்த மூன்றே போதும்.

2. இதெல்லாம் சட்டப்படி சரியா? போலீஸ் கீலீஸ் வருமா?

எமுலேட்டரை எழுதுவதும் பயன்படுத்துவதும் வேறு, கேம் கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது வேறு. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில், 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் கேமின் பதிப்புரிமை அதன் உரிமையாளரிடமே இருக்கிறது. கன்சோலின் பயாஸ் கோப்புக்கும் (3-ஐப் பாருங்கள்) அப்படியே.

உங்களிடம் இருக்கும் கேட்ரிட்ஜையோ டிஸ்க்கையோ நீங்களே படியெடுப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் ஹோம்ப்ரூ கேம்களில் இந்தத் தலைவலியே கிடையாது. எமுலேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் அவைதான் வசதி. ரோம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

3. பிளேஸ்டேஷன் கேம் போட்டா ஒரே கறுப்புத் திரை. சத்தம்கூட இல்லை.

பத்தில் எட்டு தடவை பயாஸ்தான் காரணம். பயாஸ் என்பது கன்சோலை ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் நிரல். முதல் பிளேஸ்டேஷனுக்கு அது 512 கிலோபைட் அளவுள்ள ஒரு கோப்பு. ரெட்ரோஆர்க்கின் பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோர், ஜப்பான் கேமுக்கு எஸ்சிபிஎச்5500, அமெரிக்கக் கேமுக்கு 5501, ஐரோப்பியக் கேமுக்கு 5502 என்று மூன்று கோப்புகளைத் தேடும். பெயர் முழுக்க ஆங்கிலச் சின்ன எழுத்தில், ‘சிஸ்டம்’ ஃபோல்டருக்குள் நேரடியாக இருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு ஃபோல்டர் போட்டு வைத்தால் கண்டுகொள்ளாது.

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோரை ஏற்றிவிட்டுத் தகவல் மெனுவில் ‘கோர் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்தால் எந்தக் கோப்பு இருக்கிறது, எது இல்லை என்று அதுவே சொல்லும். எல்லாக் கன்சோலுக்கும் பயாஸ் வேண்டும் என்றும் இல்லை. எம்ஜிபிஏவும், பிளேஸ்டேஷன் போர்ட்டபிளுக்கான பிபிஎஸ்எஸ்பிபியும் அது இல்லாமலே ஓடும். பிளேஸ்டேஷன் 2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2 பயாஸ் இல்லாமல் ஓடவே ஓடாது.

4. ஜிப்பைப் பிரிக்கணுமா, அப்படியே விடணுமா?

கேட்ரிட்ஜ் கேம் என்றால் பெரும்பாலும் எப்படி வைத்தாலும் ஓடும். டிஸ்க் கேம் என்றால் பிரியுங்கள். ஆர்கேட் கேம், அதாவது காசு போட்டு ஆடும் இயந்திரத்தின் கேம் என்றால் தொடவே தொடாதீர்கள். ஆர்கேட் ஜிப்பின் பெயரைக்கூட அழகுபடுத்தக் கூடாது. எமுலேட்டர் கேமை அடையாளம் காண்பதே அந்தப் பெயரை வைத்துத்தான்.

5. டிஸ்க் கேம்ல ரெண்டு மூணு கோப்பு இருக்கு. எதைத் திறக்கணும்? பெரிசைத் திறந்தா பாட்டு வரமாட்டேங்குது.

சின்னதைத் திறங்கள். பெரிய ‘பின்’ கோப்பில் டிஸ்க்கின் தகவல் இருக்கிறது. ‘கியூ’ கோப்பு அதன் பொருளடக்கம். கேம் எங்கே தொடங்குகிறது, பாட்டுகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று அதில்தான் எழுதியிருக்கும். பின்னை நேரடியாகத் திறந்தால் கேம் ஓடலாம். ஆனால் பாட்டு இருக்கும் இடம் எமுலேட்டருக்குத் தெரியாது.

கியூவை நோட்பேடில் திறந்து பாருங்கள், நாலைந்து வரிதான். முதல் வரியிலேயே மேற்கோள் குறிக்குள் பின் கோப்பின் பெயர் இருக்கும். நீங்கள் பின்னுக்குப் பெயர் மாற்றியிருந்தால் இந்த வரியிலும் மாற்ற வேண்டும். ‘கோப்பு இருக்கு, ஆனா திறக்கலை’ என்ற புகார்களில் பாதி இதுதான். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சிஎச்டி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் ஒரே கோப்பாகிவிடும், இடமும் மிச்சம். இரண்டு மூன்று டிஸ்க் உள்ள கேமுக்கு, டிஸ்க்குகளின் பெயரை வரிக்கு ஒன்றாக எழுதி எம்3யூ என்ற ஒட்டுப்பெயரில் சேமித்து அதைத் திறங்கள். இல்லாவிட்டால் முதல் டிஸ்க்கில் செய்த சேவ் இரண்டாவதில் தெரியாமல் போகலாம்.

6. நேத்து வரைக்கும் ஓடின ஆர்கேட் கேம், புது மேம் போட்டதும் ‘கோப்பு இல்லை’ங்குது. கோப்பு அங்கேயேதான் இருக்கு!

மேம் எமுலேட்டரை நிக்கோலா சால்மோரியா 1997-இல் வெளியிட்டார். ஆர்கேட் இயந்திரங்களைப் பதிவு செய்து காப்பாற்றுவதுதான் அதன் நோக்கம், நாம் விளையாடுவது அதற்கு இரண்டாம்பட்சம். ஓர் இயந்திரத்தின் சுற்றுப்பலகையில் முன்பு விட்டுப்போன சிப்பைப் புதிதாகப் படியெடுத்தால், அடுத்த பதிப்பு அதையும் கேட்கும். உங்கள் ஜிப் பழைய பட்டியல்படி சரியானது, புதிய பட்டியல்படி குறையுள்ளது. எமுலேட்டரின் பதிப்பும் ரோம் தொகுப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ரெட்ரோஆர்க்கில் மேமின் பழைய பதிப்புகளும் தனித்தனிக் கோர்களாகக் கிடைப்பது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கேமின் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு எல்லாம் ‘குளோன்’ என்ற பெயரில் தனி ஜிப்பாக வரும். அதில் மாறுபட்ட சிப்புகள் மட்டுமே இருக்கலாம், மீதி ‘பேரண்ட்’ ஜிப்பில் இருக்கும். தாய் ஜிப்பை அழித்துவிட்டுப் பிள்ளையை ஓட்டப் பார்த்தால் எப்படி ஓடும்?

7. என் ஃபோல்டர் பேர் ‘விளையாட்டு’. அதுல வெச்சா எந்தக் கேமும் திறக்கலை. டெஸ்க்டாப்ல வெச்சா திறக்குது.

இந்தச் சிக்கல் நம்மைப் போன்றவர்களுக்கே உரியது. பழைய நிரல்கள் பல, கோப்புப் பெயரை யூனிகோடுக்கு முந்தைய குறிமுறையில் படிக்கும். விண்டோஸில் ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் அப்படிப்பட்ட குறிமுறைப் பக்கங்கள் உண்டு. தமிழுக்குக் கிடையாது, யூனிகோடு மட்டும்தான். ஆகவே ‘விளையாட்டு’ அந்த நிரலின் கண்ணுக்கு வரிசையாகக் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். அந்தப் பெயரில் ஃபோல்டரே இல்லை என்று கைவிரித்துவிடும்.

புதிய எமுலேட்டர்கள் சமாளித்துக்கொள்கின்றன. இருந்தாலும் கேம் ஃபோல்டருக்கு மட்டும் இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர் வைத்துவிடுங்கள். விண்டோஸ் கணக்குப் பெயரே தமிழில் இருந்தால் டெஸ்க்டாப்பும் அதற்குள்தான் வரும். அப்போது டிரைவின் வேரிலேயே, அதாவது டிரைவைத் திறந்ததும் வரும் இடத்திலேயே, ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள்.

8. கன்ட்ரோலர்ல ஏ அழுத்தினா பி வேலை செய்யுது. கோளாறா?

இல்லை. நின்டெண்டோ ஏ பட்டனை வலப்பக்கமும் பி-யைக் கீழேயும் வைத்தது. எக்ஸ்பாக்ஸ் அதையே மாற்றிக் கீழே ஏ, வலப்பக்கம் பி என்று வைத்தது. ரெட்ரோஆர்க், எழுத்தைப் பார்க்காமல் பட்டன் இருக்கும் இடத்தைப் பார்த்து, சூப்பர் நின்டெண்டோ முறைப்படி பொருத்தும். விரலுக்கு அதுதான் சரி. பழைய கேம்கள் அந்த இடங்களை நினைத்துத்தான் வடிவமைக்கப்பட்டன. எழுத்துதான் முக்கியம் என்றால் கன்ட்ரோல் மெனுவில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோருக்கு மட்டும் சேமியுங்கள். மொத்தத்துக்கும் மாற்றினால் மற்றக் கன்சோல்களில் விரல் தடுமாறும்.

9. கீபோர்டுல குறுக்கா ஓடிக்கிட்டே சுட்டா, சுடவே மாட்டேங்குது.

சாதாரணக் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இல்லை. கட்டம் கட்டமாக இணைத்திருப்பார்கள். சில மூன்று விசைச் சேர்க்கைகளை அதனால் உணர முடியாது. இரண்டு அம்புக்குறிகளும் ஸ்பேஸும் சேர்ந்தால் அடிக்கடி இப்படித்தான். சுடும் விசையை வேறிடத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்ற விசைகள் பெரும்பாலும் இதில் மாட்டுவதில்லை.

10. கேம் ராக்கெட் வேகத்துல ஓடுது. ஒரு நொடியில செத்துப்போறேன்.

முதலில் ஸ்பேஸ் விசை. ரெட்ரோஆர்க்கில் அது வேகமாக ஓட்டும் விசை, ஒரு தடவை தட்டினால் அப்படியே நிற்கும். இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள்.

அதில்லை என்றால் மானிட்டர். கேம் நொடிக்கு 60 படம் என்று எழுதப்பட்டது. உங்கள் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம்) என்றால், திரையை மட்டுமே பார்த்துத் தாளம் போடும் எமுலேட்டர் 2.4 மடங்கு வேகத்தில் ஓடும். வழக்கமாக ஒலி இதைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஹெட்போனைப் பிடுங்கியதாலோ எச்டிஎம்ஐ டிவியை அணைத்ததாலோ ஒலிச் சாதனமே இல்லாமல் போனால் கடிவாளம் அறுந்துவிடும். வேகம் எகிறும்போது சத்தமும் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான்.

11. சத்தம் கரகரன்னு வருது. டிரைவர் எல்லாம் புதுசு பண்ணிட்டேன், போகலை.

டிரைவரில் தவறில்லை. இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. கேம்பாய் அட்வான்ஸ் நொடிக்கு 59.73 படம் காட்டியது. சூப்பர் நின்டெண்டோ 60.1-ஐ ஒட்டி. உங்கள் மானிட்டர் 60. வித்தியாசம் கால் படம்தானே என்று தோன்றும். கேம்பாய் கணக்கில் நொடிக்கு 0.27 படம் என்றால், ஏறத்தாழ மூன்றே முக்கால் நொடிக்கு ஒரு முழுப் படம் பிசகுகிறது. கண் அதைக் கவனிக்காது, காது உடனே கவனிக்கும். படத்தின் தாளத்தைப் பிடித்தால் ஒலி விக்கும், ஒலியைப் பிடித்தால் படம் விக்கும்.

ரெட்ரோஆர்க் இதற்கு ஒலியின் வேகத்தை அரை சதவிகிதத்துக்குள் இழுத்து வளைத்து இரண்டையும் சேர்த்துவிடுகிறது. அந்த வளைப்பு வசதியை யாரோ சொன்னார்கள் என்று அணைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். அடுத்தது ஆடியோ லேட்டன்சி, அதாவது ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் கிண்ணத்தின் அளவு. இயல்பாக 64 மில்லிநொடி இருக்கும். தாமதம் குறையும் என்று 16, 20 என்று இறக்கி வைத்திருப்பவர்கள் நிறைய. அந்தச் சின்னக் கிண்ணம் நிரம்புவதற்குள் காலியாகும், ஒவ்வொரு காலிக்கும் ஒரு ‘கர்’. 96 வைத்துக் கேளுங்கள். நின்றுவிட்டால் படிப்படியாக இறக்கி, மீண்டும் கரகரப்பு வரும் எண்ணுக்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள்.

96-லும் நிற்கவில்லை என்றால் கணினியே கேமுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம், அடுத்த கேள்விக்குப் போங்கள். புளூடூத் ஹெட்போன் வேறு கதை. அதில் சத்தம் தாமதமாக வருவதை எமுலேட்டரில் சரிசெய்ய முடியாது. கம்பி மாட்டுங்கள்.

12. நல்ல லேப்டாப்தான். ஆனா முப்பது வருஷப் பழைய கேமே திக்கித் திக்கி ஓடுது. எப்படி?

ஒரு பழைய சிப்பின் ஒவ்வோர் அசைவையும் நகலெடுக்க, அந்தச் சிப்பைவிடப் பல மடங்கு வேகம் வேண்டும். வேலையில் பெரும்பகுதி ஒரே ஒரு பிராசசர் கோரின் தலையில் விழும். எட்டுக் கோர் இருந்து பயனில்லை. லேப்டாப்பில் முதலில் சார்ஜரைச் சொருகி, மின்சேமிப்பு முறையை அணையுங்கள். பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். அடுத்து, துல்லியத்துக்குப் பேர்போன பிஸ்நெஸ் போன்ற எமுலேட்டர் கோரை வைத்திருந்தால் ஸ்நெஸ்9எக்ஸுக்கு மாறிப் பாருங்கள்.

புதிய காட்சி வரும்போது மட்டும் ஒரு தடவை திக்கி, மறுமுறை அதே இடத்தில் திக்காமல் போனால் அது ஷேடர், அதாவது கிராஃபிக்ஸ் கார்டு படம் வரைய ஓட்டும் சின்ன நிரல், தயாராகும் நேரம். கேம்கியூப், வீ கேம்களுக்கான டால்ஃபினில் இது பெரிய தலைவலியாக இருந்தது. 2017-இல் வந்த ஊபர்ஷேடர் வசதி இதற்காகவே எழுதப்பட்டது. கிராஃபிக்ஸ் மெனுவில் ஹைப்ரிட் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. அசல் கன்சோலிலேயே மெதுவான இடங்கள் உண்டு. எதிரிகள் கூட்டமாக வந்தால் சூப்பர் நின்டெண்டோவே தள்ளாடும். எமுலேட்டர் தள்ளாட்டத்தையும் சேர்த்து நகலெடுக்கிறது, அவ்வளவுதான். சில கோர்களில் பழைய சிப்பின் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக் அமைப்பு இருக்கிறது, வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம்.

13. படம் இழுத்த மாதிரி இருக்கு. சரி பண்ணினா எழுத்தெல்லாம் கோணல்மாணலா தெரியுது.

சூப்பர் நின்டெண்டோவின் படம் 256-க்கு 224 புள்ளி. பழைய டிவி அதை 4:3 வடிவத்துக்கு விரித்துக் காட்டியது. அதனால் புள்ளி சதுரமாக இல்லாமல் சற்று அகலமாக இருந்தது. 16:9 மானிட்டர் முழுக்க இழுத்தால் ஆட்கள் குண்டாகிவிடுவார்கள். ‘கோர் வழங்கும் விகிதம்’ என்று வைத்து, இருபுறமும் கறுப்புப் பட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோணல் எழுத்துக்குக் காரணம் வகுத்தல். மானிட்டரின் 1080 வரி உயரத்தை 224-ஆல் வகுத்தால் 4.82 வரும். ஆகவே சில வரி நாலு புள்ளி தடிமன், சில வரி ஐந்து. ‘இன்டிஜர் ஸ்கேல்’ போட்டால் சரியாக நாலு மடங்கு, 896 வரி. மேலும் கீழும் இடம் மிஞ்சும், படம் கூர்மையாக இருக்கும். ஐந்து மடங்கு வைத்தால் 1120 ஆகி, கேமின் வரிகளில் மேலே நாலும் கீழே நாலும் வெட்டுப்படும். நான் ஐந்துதான் வைத்திருக்கிறேன். பழைய டிவிகளே ஓரத்தை விழுங்கியவைதான் என்பதால் முக்கியமானதை யாரும் அங்கே வைத்ததில்லை.

14. சோனிக்ல அருவி கோடு கோடா இருக்கு. சின்ன வயசுல இப்படி இருந்ததா ஞாபகமே இல்லையே?

ஞாபகம் சரிதான். அருவியை மெகா டிரைவ் அன்றும் கோடுகோடாகத்தான் வரைந்தது. படத்தை டிவிக்குக் கொண்டுபோன அந்தக் காலத்து காம்போசிட் கம்பி பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து குழப்பும். அந்தக் குழப்பத்தை ஓவியர்கள் சாதகமாக்கிக்கொண்டார்கள். கோடுகள் கரைந்து, பின்னாலிருக்கும் பாறை தெரியும் தண்ணீராகிவிடும். சுத்தமான இன்றைய திரை அந்தத் தந்திரத்தை அம்பலப்படுத்துகிறது.

ஷேடர் மெனுவில், பழைய டிவி சிக்னலைப் போலச் செய்து காட்டும் என்டிஎஸ்சி வகை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கோட்டைக் கலப்பது அதுதான். வெறும் சிஆர்டி (பழைய குழாய் டிவி) ஷேடர்களில் பல, திரையின் கிடைக்கோடுகளை மட்டும் காட்டும், அருவியைக் கலக்காது.

15. பாத்திரங்கள் மினுக்மினுக்னு மறையுது. பிளேஸ்டேஷன்ல சுவரெல்லாம் நடுங்குது. கிராஃபிக்ஸ் கார்டு போச்சா?

கார்டு நன்றாக இருக்கிறது. 8 பிட் நின்டெண்டோவால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் முறைபோட்டு மறைத்து மறைத்துக் காட்டுவார்கள், அதுதான் மினுக்கல். கோர் அமைப்பில் வரம்பை நீக்கலாம். ஆனால் சில கேம்கள் வேண்டுமென்றே அந்த வரம்பைக் கொண்டு உருவத்தை மறைக்கும். அங்கே நீக்கினால் மறைய வேண்டியது தெரிந்துவிடும்.

பிளேஸ்டேஷனோ உருவங்களின் மூலைகளை முழு எண்களில் மட்டுமே வைத்தது. சுவரில் ஒட்டிய படத்தையும் தூரக் கணக்குப் பார்க்காமல் விரித்தது. நடுக்கம் பிறவிக் குணம். பிளேஸ்டேஷன் எமுலேட்டர்களான டக்ஸ்டேஷனிலும் பீட்டில் பிஎஸ்எக்ஸிலும் இருக்கும், மூலைகளைத் துல்லியமாகக் கணக்கிடும் பிஜிஎக்ஸ்பி வசதியைப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஏதாவது ஒரு கேமில் படம் கிழிந்தால் அந்தக் கேமுக்கு மட்டும் அணையுங்கள்.

16. தாவுறதுக்கு அழுத்தினா கொஞ்சம் கழிச்சுதான் தாவுது. என் கை மெதுவா, எமுலேட்டரா?

அளந்து பார்க்கலாம். ரெட்ரோஆர்க்கில் கீபோர்டின் பி (P) விசையால் கேமை நிறுத்துங்கள். தாவும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கே (K) விசையை ஒவ்வொரு தடவையாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃப்ரேம் (ஒரு படம்), அதாவது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. எத்தனையாவது தட்டில் ஆள் அசைகிறான் என்று எண்ணுங்கள். மூன்றாவதில் அசைந்தால், முதல் இரண்டும் கேமுக்குள்ளேயே இருக்கும் தாமதம். அசல் கன்சோலிலும் அது இருந்தது.

அந்த உள் தாமதத்தையும் கழிக்க ‘ரன் அஹெட்’ என்று ஒரு வசதி இருக்கிறது. எமுலேட்டர் திரைக்குப் பின்னால் சில ஃப்ரேம் முன்னால் ஓடிப்போய், அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டும். மேலே எண்ணியது இரண்டு என்றால் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். கூடுதலாக வைத்தால் அசைவின் முதல் படங்களே காணாமல் போய் ஆள் குதித்துக் குதித்து நகர்வான். கணினிக்கும் சுமை கூடும். ஆனால் டிவியில் விளையாடுபவர்கள் இதற்கெல்லாம் முன்பு டிவியின் ‘கேம் மோட்’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதில் மிச்சமாகும் நேரம் அதிகம்.

17. சேவ், சேவ் ஸ்டேட், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எது நல்லது?

கேமுக்குள் போய்ச் செய்யும் சேவ், கேட்ரிட்ஜில் பேட்டரியோடு இருந்த நினைவகத்தின் நகல். எஸ்ஆர்எம் என்ற ஒட்டுப்பெயரில் சின்னக் கோப்பாக இருக்கும். சேவ் ஸ்டேட் என்பது அந்தக் கணத்தில் மொத்த இயந்திரத்தையும் எடுத்த புகைப்படம். ரெட்ரோஆர்க்கில் எஃப்2 அழுத்தினால் எடுக்கும், எஃப்4 அழுத்தினால் திரும்பக் கொண்டுவரும்.

புகைப்படத்தை எடுத்த கோர்தான் அதைச் சரியாகப் படிக்கும். கோர் மாறினால் திறக்காது, அதே கோரின் புதுப் பதிப்புகூடச் சில சமயம் மறுத்துவிடும். எஸ்ஆர்எம்மைப் பெரும்பாலும் வேறு எமுலேட்டருக்கும் எடுத்துப்போகலாம். அதனால் கஷ்டமான இடத்தை மீண்டும் மீண்டும் முயல ஸ்டேட், அன்றைய ஆட்டத்தை முடிக்கக் கேமுக்குள் சேவ். எஃப்4 அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால், கேம் சாதனைகளைப் பதிவு செய்யும் ரெட்ரோ அச்சீவ்மென்ட்ஸ் சேவையில் ஹார்ட்கோர் முறை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது ஸ்டேட்டை ஏற்ற விடாது.

18. கேமுக்குள்ளயே சேவ் பண்ணினேன், சத்தியமா பண்ணினேன். இப்போ பழைய சேவ்தான் இருக்கு!

நம்புகிறேன், ஏனென்றால் எனக்கும் நடந்தது. பல வாரமாக ஆடிய ஒரு ஆர்பிஜியில், இரவு சத்திரத்தில் சேவ் செய்தேன். தூங்கப் போகுமுன் ஒரு பழைய சண்டையைப் பார்க்கும் ஆசையில் இரண்டு வாரத்துக்கு முந்தைய ஸ்டேட்டை ஏற்றினேன். பார்த்துவிட்டு மூடினேன். மறுநாள் திறந்தால் சத்திரமும் இல்லை, இரண்டு வாரமும் இல்லை.

17-இல் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஸ்டேட் மொத்த இயந்திரத்தின் படம் என்றால், பேட்டரி நினைவகமும் அந்தப் படத்துக்குள் இருக்கிறது. பழைய ஸ்டேட்டை ஏற்றியதும் அந்த நாளின் சேவும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. கேமை மூடும்போது அதையே எமுலேட்டர் எஸ்ஆர்எம் கோப்பில் எழுதிவிட்டது. சேவிங் மெனுவில் ‘ஸ்டேட் ஏற்றும்போது சேவ்ரேமை (பேட்டரி நினைவகத்தை) மாற்றாதே’ என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவையுங்கள். போடாவிட்டால், பழைய ஸ்டேட்டை ஏற்றுமுன் எஸ்ஆர்எம் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நொடி வேலை.

19. எனக்கு ஸ்டேட்டெல்லாம் தெரியாது. சும்மாவே சேவ் காணாமப் போகுது.

இரண்டு காரணம். எமுலேட்டரை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் வைத்திருந்தால் விண்டோஸ் அங்கே எழுத அனுமதிக்காது. வேறிடத்துக்கு மாற்றுங்கள். அல்லது கேமை மூடாமல் கணினியை அணைக்கிறீர்கள். எஸ்ஆர்எம் கோப்பு கேமை மூடும்போது மட்டும் எழுதப்படும்படி அமைந்திருக்கலாம். அதே சேவிங் மெனுவில் சேவ்ரேம் தானாக எழுதும் இடைவெளி அணைந்திருந்தால் பத்து நொடி என்று வையுங்கள்.

20. மொழிபெயர்ப்பு பேட்ச் போட்டேன். தலைப்புத் திரையிலேயே குப்பை எழுத்தா வருது.

பேட்ச் என்பது ரோமில் மாற்றம் செய்யும் சின்னக் கோப்பு. சூப்பர் நின்டெண்டோ என்றால் 512 பைட் விவகாரம். பழைய நகலெடுக்கும் கருவிகள் ரோமின் தலையில் தங்கள் சொந்தக் குறிப்பாக 512 பைட்டை ஒட்டிவிடும். எமுலேட்டர் அதை ஒதுக்கிவிட்டுப் படித்துக்கொள்ளும். ஆனால் ஐபிஎஸ் பேட்ச், ‘இத்தனையாவது பைட்டை மாற்று’ என்று மட்டும் சொல்லும் குருட்டுப் பட்டியல். தலையில் தொப்பி இருந்தால் எல்லா இடமும் 512 தள்ளிப்போய், தவறான பைட்டெல்லாம் மாறிவிடும்.

கோப்பின் ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்து அளவைப் பைட்டில் பாருங்கள். 10,48,576 என்றால் தொப்பி இல்லை. 10,49,088 என்றால் இருக்கிறது. மற்ற அளவுகளை 1024-ஆல் வகுங்கள், மீதி 512 வந்தால் தொப்பி. பேட்சோடு வரும் குறிப்பில் எது வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள், அதற்கேற்ப நீக்கவோ சேர்க்கவோ செய்யுங்கள். பேட்ச் பிபிஎஸ் வடிவத்தில் இருந்தால் கவலை குறைவு. தவறான ரோமைக் கொடுத்தால் அதுவே மறுத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடாத பழைய பேட்சுகள் உண்டு. 1997-இல் வந்த இசட்ஸ்நெஸ் எமுலேட்டரில் மட்டுமே சோதித்து வெளியிட்டவை அவை. அதன் பிழைகளை நம்பி எழுதப்பட்டவை துல்லியமான எமுலேட்டரில் தடுக்கி விழும். திருத்திய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

21. டாஸ் கேம் ஒண்ணு ஆமை வேகம், இன்னொண்ணு சிறுத்தை வேகம். சத்தமும் இல்லை.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கேம்களுக்கு ஒரே வேகம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் அது எழுதப்பட்ட காலத்துக் கணினியை நினைத்து எழுதப்பட்டது. டாஸுக்கான எமுலேட்டர் டாஸ்பாக்ஸில் ‘சைக்கிள்ஸ்’ எண்தான் வேகம். கண்ட்ரோலோடு எஃப்12 தட்டினால் கூடும், எஃப்11 தட்டினால் குறையும். சரியாக அமைந்த எண்ணை அந்தக் கேமின் கான்ஃபிக் கோப்பில் எழுதிவையுங்கள். கண்ட்ரோல் எஃப்10 மவுஸை விடுவிக்கும். பக்கத்து விசையான எஃப்9-இல் கை பட்டால் டாஸ்பாக்ஸே மூடிக்கொள்ளும், கவனம்.

சத்தத்துக்குக் கேமின் செட்டப் நிரலை ஓட்டி, ஒலி அட்டை சவுண்ட் பிளாஸ்டர் 16, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். டாஸ்பாக்ஸின் இயல்பு இதுதான். கேமோ பெரும்பாலும் ஐஆர்க்யூவுக்கு 5-ஐத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும்.

22. எல்லாத்தையும் மாத்திப் பார்த்து இப்போ எதுவுமே வேலை செய்யலை. மொத்தமா அழிச்சுப் போடவா?

வேண்டாம், சேவும் சேர்ந்து போய்விடும். எமுலேட்டரை மூடிவிட்டு, ரெட்ரோஆர்க் என்ற பெயருள்ள கான்ஃபிக் கோப்பைக் கண்டுபிடித்துப் பெயரை மட்டும் மாற்றுங்கள். அடுத்த தடவை திறக்கும்போது புதிய ஒன்று உருவாகும், அமைப்புகள் முதல் நாள் நிலைக்குத் திரும்பும். ரோம், சேவ், ஸ்டேட் எல்லாம் வேறு ஃபோல்டர்களில் இருப்பதால் அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு கேமில் மட்டும் தொல்லை இன்னும் தொடர்கிறதா? அந்தக் கேமுக்கென்று நீங்கள் எப்போதோ சேமித்த தனி அமைப்பு ‘கான்ஃபிக்’ ஃபோல்டருக்குள், கோரின் பெயரில் இருக்கும் உள் ஃபோல்டரில் கிடக்கும். அதையும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறங்கள்.